“உள்ளேன், ஐயா!”

பள்ளிக்கூடத்து ஆண்டு விழா என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே காட்சிதான் மனக்கண் முன்னால் வரும். தென்னங்கீற்றுப் பந்தல், வர்ணக் காகிதத் தோரணம், தலைமை வகிக்கும் பிரமுகருக்கு ரோஜாப்பூ மாலை, தலைமை ஆசிரியர் கையில் நாலு பக்கத்து ஆண்டறிக்கை. ஓட்டப் பந்தயத்தில் இன்னார் முதல் பரிசு, திருக்குறள் ஒப்புவித்ததில் இன்னார் இரண்டாம் பரிசு என்று அறிக்கை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் தங்கள் குழந்தையின் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் அறிக்கை எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள்!

சிறு குழந்தைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையின் காரியங்களை ஒரு பத்திரிகையில் எழுதுவதற்கு அப்படி என்ன விசேஷம் இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால், விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஆமத்தூரையும் அதைச் சுற்றிய கரிசல் காட்டுச் சிற்றூர்களையும் பொறுத்தவரையில், ஆண்டறிக்கையில் யாரும் உரக்க வாசிக்காத ஒரு சாதனை இருக்கிறது. அதற்குக் கோப்பையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக அழைக்கிறார் அல்லவா? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னஞ்சிறு குரல், “உள்ளேன், ஐயா!” என்று பதில் சொல்லுகிறதே, அதுதான் அந்தச் சாதனை.

இது என்ன பிரமாதம் என்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்குத் தோன்றும். இந்தப் பிரதேசத்தின் கதை தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஆபீஸ் வண்டி

இந்தப் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்றால் மேஜை நாற்காலி போட்ட இடம் என்று நினைத்து விடக்கூடாது. தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று பெயர். பட்டாசுத் தொழிற்சாலைக்குப் ‘பயர் ஆபீஸ்’ என்று பெயர். மழையை நம்பிப் பயனில்லாத வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் கம்பும் சோளமும் மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட பூமியில், 1922-ஆம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்நிய நாட்டுத் தீப்பெட்டிகள் நம் கடைகளை நிறைத்திருந்த காலம் அது. அந்த இருவர் மூட்டிய தீ பின்னால் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் பரவி, உலகத்து வரைபடத்தில் சிவகாசிக்கு ஓர் இடம் தேடித் தந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்று அதற்குப் பட்டப் பெயரும் கிடைத்தது.

தொழில் வளர்ந்தது. பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டு ஓடாமல் பிழைத்தன. இதை மறப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் அந்தத் தொழிலின் ஒரு பகுதியைப் பிஞ்சு விரல்கள் சுமந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

தீக்குச்சிகளை மருந்தில் முக்குவதற்கு முன்னால், ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒரு மரச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். ‘கட்டை அடுக்குதல்’ என்று இதற்குப் பெயர். அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சிறு விரல்கள் இந்த வேலைக்கு ஏற்றவை என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் ஏற்றதாக இருந்தது விரல் அல்ல. அந்த விரலுக்குக் கொடுத்த கூலி! பெட்டி ஒட்டுவது, லேபில் ஒட்டுவது, பட்டாசுக்குக் காகிதம் சுருட்டுவது ஆகியவையும் குழந்தைகளின் கைக்கே வந்து சேர்ந்தன. கோழி கூவுவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி சிற்றூர்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்த பிறகுதான் கொண்டுவந்து விடும். அந்தக் குழந்தைகள் தங்கள் ஊரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுந்தான்.

இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் அறுபது வயதை எட்டிய பாட்டிமார்கள் பலர் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேத்தியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு நிற்கும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால், ஏறக்குறைய இப்படித்தான் சொல்லுவாள்:

“எங்க காலத்திலே விடியுமுன்னே வண்டி வந்து ஆரன் அடிக்கும், ஐயா. அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிப்போம். பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளையைக் கொண்டாந்து விட வந்த பிறகுதான் அதைக் கேக்கேன்.”

சொல்லிவிட்டு, உள்ளே ஓடும் பேத்தியைப் பார்த்து, “ஏத்தா, சிந்தாமச் சாப்பிடு!” என்று குரல் கொடுப்பாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நடந்தது என்ன? அதுதான் நாம் சொல்ல வந்த கதை.

பிடி அரிசிப் பாடசாலை

கதையின் விசித்திரம் என்னவென்றால், இதே மண்தான் கல்விக்காகத் தன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்த மண்ணும் ஆகும். விருதுநகர் அந்தக் காலத்தில் விருதுபட்டி என்று பெயர் பெற்றிருந்தது. அங்கே 1889-ஆம் வருஷத்தில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. கோயிலில் நுழையவும் தடை இருந்த ஒரு சமூகத்தார், சர்க்கார் வந்து பள்ளிக்கூடம் கட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சோறு வடிக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற பணத்தில் உபாத்தியாயருக்குச் சம்பளம் நடந்தது. பள்ளியில் சம்பளம் கிடையாது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேரலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர். 1903-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி பிறந்த அவர், சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். குடும்ப நிலைமை காரணமாகப் பாதியிலே படிப்பை நிறுத்தி மாமன் ஜவுளிக் கடையில் துணி அளக்கப் போனார். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் அவருடைய பெயரை அழைத்தபோது “உள்ளேன்” என்ற பதில் வரவில்லை. பாதியில் நின்ற அந்தப் பதிலின் எதிரொலி பிற்காலத்தில் இந்த மாநிலம் முழுவதும் கேட்டது.

1954-ஆம் வருஷத்தில் அவர் முதல் மந்திரியானார். முந்திய வருஷத்தில் கொண்டுவந்திருந்த அரைநாள் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. மூடப்பட்டிருந்த பாடசாலைகள் திறந்தன; பள்ளிக்கூடமே காணாத ஊர்களில் புதிய பாடசாலைகள் எழுந்தன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாக நின்றார். ஆரம்பத்தில் பல ஊர்களில் ஊராரே அரிசியும் விறகும் காய்கறியும் கொடுத்து அடுப்பை மூட்டினார்கள். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடியாரம் என்று தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து பாடசாலைக்குச் சமர்ப்பித்தார்கள். விருதுபட்டியின் பிடி அரிசிப் பானை மாநிலம் முழுவதற்குமான பானையாக மாறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை நடந்தும், அதே காமராஜருடைய ஊருக்குப் பக்கத்திலேயே ஆபீஸ் வண்டி குழந்தைகளை ஏற்றிக்கொண்டுதான் போயிற்று. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, சோறும் இருந்தது, ஆனால் வீட்டில் கடன் இருந்தது. மழையில்லாத வருஷத்தில் குழந்தை கொண்டுவரும் சில்லறை அந்த வாரத்து அரிசியாக இருந்தது. பசித்த குடும்பத்திடம் கல்வியின் மகிமையைப் பற்றி உபந்நியாசம் செய்து என்ன பயன்?

சட்டம் வந்தது

1986-ஆம் வருஷத்தில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு முதலிய அபாயகரமான தொழில்களில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைத்து வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. ஆனால் குடும்பத்தார் தங்கள் வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஆகவே, ஆபீஸில் தடுத்த வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டி ஒட்டும் பசைக் கிண்ணம் தொழிற்சாலையை விட்டு அடுப்பங்கரைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் செய்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாக விளங்கியிருக்கும்.

1987-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கை உருவாயிற்று. அதன்படி முதலில் திட்டம் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கு என்று தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. எழுத்தும் எண்ணும், ஒரு வேளை உணவு, கைத்தொழில், மாதம் 100 ரூபாய் உதவித்தொகை ஆகியவை அங்கே கிடைத்தன. அந்தப் பள்ளிகளிலிருந்து குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளில் கொண்டு சேர்ப்பதே நோக்கம்.

இதற்கிடையில் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. சட்டத்துக்கு விரோதமாக ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, அந்தக் குழந்தைக்காக 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சர்க்கார் அந்தக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணத்தின் வருமானம் குழந்தையின் படிப்புக்குப் போக வேண்டும். இந்தத் தீர்ப்பின் அழகு எதில் இருக்கிறது என்றால், ‘குழந்தையை வெளியே அனுப்பு’ என்று சொன்னதோடு நிற்காமல், ‘அதற்குப் பதிலாக வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வரும்?’ என்ற கேள்வியையும் கேட்டதில் இருக்கிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வேலையும் கூலியும் இருந்தால்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

2010-இல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் அமலுக்கு வந்தது. 2016-இல் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் திருந்தியது. தீப்பெட்டித் தொழிலில் இயந்திரங்களும் புகுந்தன. சட்டம், சோறு, கூலி, இயந்திரம், அதிகாரிகளின் சோதனை, ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய நடை எல்லாம் சேர்ந்து வண்டியிலிருந்து குழந்தைகளை இறக்கின.

இன்றைய காலைப் பொழுது

இன்றைக்கும் இந்தச் சாலையில் காலையில் ஆபீஸ் வண்டிகள் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் தாய்மார்கள். தூக்குவாளியில் மதியச் சோறு. முகத்தில் இன்னும் விலகாத தூக்கம். அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் குழந்தைக்குக் காலை ஆகாரம் யார் கொடுப்பது? முன்னெல்லாம் பழைய சோறு மிச்சமிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் வெறும் வயிறு. வெறும் வயிற்றில் வாய்ப்பாடு எப்படி ஏறும்?

2022-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. 1,545 ஆரம்பப் பாடசாலைகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்திலுள்ள எல்லா அரசு ஆரம்பப் பாடசாலைகளுக்கும் அது விரிந்தது. 2024-இல் காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15-இல் கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. கூடவே காய்கறிச் சாம்பார். ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். சமைப்பவர்கள் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள். கணக்குப் பார்த்தால், அதுவும் ஒரு பிடி அரிசிதான்!

வயிறு நிறைந்த பிறகு பாடம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்ததால், மூன்றாம் வகுப்புக்கு வந்த குழந்தைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாத நிலைமை ஏற்பட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பசைக் கிண்ணம் உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் சிலேட்டு உட்கார்ந்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் வந்தது. ஒரு வகுப்பிலுள்ள குழந்தைகள் அனைவரும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை இது. அரும்புக்கு எழுத்து; மொட்டுக்குச் சொல்; மலருக்கு வாக்கியம் என்று படிப்படியாகப் போகலாம். பாட்டும் படமும் கதையும் உண்டு. அரும்பாக இருப்பது குற்றமில்லை. அரும்பாகவே விட்டுவிடுவதுதான் குற்றம்.

நாலாம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கென்று ‘ஊஞ்சல்’ என்ற இதழ் வருகிறது. 2022-இல் பெரிய வகுப்புகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழா, பிறகு ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. கதை சொல்லுவது, மாறுவேடம், பாட்டு, நடனம், களிமண் பொம்மை என்று குழந்தைகள் மேடையேறுகிறார்கள். கட்டை அடுக்கிய பாட்டியின் விரலுக்குச் சிறிதும் குறையாத சாமர்த்தியம் பேத்தியின் விரலுக்கும் இருக்கிறது. அது களிமண்ணில் யானை செய்கிறது. வர்ணத்தில் பனைமரம் எழுதுகிறது. சாமர்த்தியம் மாறவில்லை. யாருக்காக உழைக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

விதையும் விளைச்சலும்

விருதுநகர் ஜில்லா, மேல்நிலைத் தேர்வு முடிவுகளில் பல வருஷங்களாக முன்வரிசையில் நிற்பது நேயர்கள் அறிந்ததே. 2023-ஆம் வருஷத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் 97.85 சதவீதம் பேர் தேறி மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார்கள். அப்போது எல்லாரும் மேல்நிலைப் பள்ளிகளைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆயினும், அந்தப் பிள்ளைகள் 2011-ஆம் வருஷத்தில் எங்கே இருந்தார்கள்? ஏதோ ஓர் ஊர்ப் பாடசாலையின் முதல் வகுப்பில் மூக்கு ஒழுக, ‘அ’ன்னாவைச் சுழிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்! அவர்கள் கையைப் பிடித்துச் சுழிக்க வைத்த டீச்சரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. விளைச்சலைப் புகழும்போது விதைத்தவரை மறப்பது உலக வழக்கமாக இருக்கிறது.

கவலையும் கடமையும்

எல்லாம் முடிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் சாலையோரத்துப் பாடசாலையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, தூரத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் அது கல் உடைக்கும் வெடியாக இருக்கலாம். இந்தப் பிரதேசத்தில் வகுப்பு அப்படியே மௌனமாகி விடும். ‘எந்த ஆபீஸ்? அம்மா எங்கே வேலை செய்கிறாள்?’ என்ற கேள்விகள் ஆறு வயதுக் குழந்தையின் முகத்திலும் தோன்றும். குழந்தை ஆபீஸுக்குப் போவதில்லை, உண்மை. ஆபீஸின் அபாயம் குழந்தையைத் தேடி வராமல் இருக்க வேண்டுமே! 2021 பிப்ரவரியில் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தைப் போன்றவை எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் குழந்தையின் படிப்புத்தான் முதலில் நிற்கும்.

2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகருக்கு வந்தபோது, பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் குழந்தைகளுடைய படிப்புச் செலவுக்கென்று 5 கோடி ரூபாயில் ஒரு நிதி ஏற்படுத்துவதாக அறிவித்தார். நல்ல காரியம். அதைவிட நல்ல காரியம், அந்த நிதிக்கு வேலையே இல்லாமல் செய்வது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது என்று விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த விதிகளைக் காப்பதும் ஒருவகையில் பாடசாலையைக் காப்பதே ஆகும்.

வீட்டிலிருக்கும் நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தீபாவளிக்கு மத்தாப்புப் பெட்டியைக் கையில் எடுக்கும்போது, அதைச் செய்த தாயாருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று ஒரு கணம் நினைக்கலாம். நம் தெருக்கோடியிலுள்ள சிறு பாடசாலைக்கு வருஷத்தில் ஒரு நாளாவது போய், குழந்தைகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வரலாம். கதைப் புத்தகம் நாலு வாங்கிக் கொடுக்கலாம். விருதுபட்டியில் பிடி அரிசி போட்டவர்கள் யாரும் லக்ஷாதிபதிகள் அல்ல. தங்கள் உலையில் ஒரு பிடி குறைந்தாலும் பரவாயில்லை என்று எண்ணியவர்கள், அவ்வளவே.

அடுத்த தடவை ஏதேனும் ஓர் ஆரம்பப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்குப் போனால், அறிக்கை எப்போது முடியும் என்று கடியாரத்தைப் பார்க்காதீர்கள். பரிசு வாங்கும் குழந்தைக்குக் கை தட்டுங்கள். பரிசு ஒன்றும் வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத் தட்டுங்கள். ஆமத்தூர்ச் சாலையில் வண்டிகள் அதன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போன பிறகு, தானே தலை வாரிக்கொண்டு, தானே பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்து, பெயர் அழைத்ததும் எழுந்து நின்று, “உள்ளேன், ஐயா!” என்று சொல்லுகிறதே, அதன் பாட்டிக்குச் சொல்லக் கிடைக்காத பதில் அது.